சுருக்கிய இரைப்பையும் சுருங்காத வாழ்வும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதனைத் திறந்து மூலிகைகளின் பெயர்களைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். முன்னர் உண்டது செரித்ததா என்று பார்த்து, நன்கு பசித்த பின்னர், ஒவ்வாதவற்றை விலக்கி, அளவோடு உண்ண வேண்டும் என்பதே அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அளவு என்பது மனிதன் தன் அறிவைக் கொண்டு தானே கட்டிக்கொள்ள வேண்டிய வேலி என்பது நம் முன்னோர் கொள்கை. இன்றோ அவ்வேலியைச் சத்திரவைத்தியர் கத்தியைக் கொண்டு கட்டித் தருகின்ற காலம் வந்துவிட்டது.

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றியே இவ்வாரம் எழுதக் கருதினேன். இச்சிகிச்சை கொழும்பிலே நடைபெறுகின்றது. நம்மவருள் சிலர் கடல் கடந்து சென்னைக்கும் சென்று செய்துகொண்டு திரும்புகின்றனர். திரும்பி வந்தவரைக் காண உறவினர் கூடுகின்றனர். “ஒப்பரேசன் முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று எல்லோரும் மகிழ்கின்றனர். அவ்விடத்திலேதான் தவறு தொடங்குகின்றது. குடல்வால் அழற்சிக்குச் செய்யும் சத்திரசிகிச்சை முடிந்தால் நோய் முடிந்தது. இரைப்பைச் சத்திரசிகிச்சை முடிந்தாலோ, வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டிய ஒரு புதிய ஒழுக்கத்தின் முதல் நாள் விடிகின்றது.

நான் வைத்தியனல்லேன்; கல்லூரியிலே உயிரியல் கற்பிக்கும் ஆசிரியன். ஆகையால் எவரையும் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும்படி தூண்டுவதோ, செய்யாதபடி தடுப்பதோ என் நோக்கமன்று. செய்துகொண்டவரின் உடலிலே நிகழ்வது யாது, வீட்டார் அறிந்திருக்க வேண்டியது யாது என்பவற்றைக் கூறுவதே நோக்கம்.

ஓர் அம்மையாரின் கதை

எங்கள் உறவினரான அம்மையார் ஒருவர் வாவிக்கரைக் கிராமமொன்றிலே வாழ்கின்றார். தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அவர் இசைந்திருக்கிறார். நாற்பத்திரண்டாம் வயதில் அவர் எடை 104 கிலோகிராம். நீரிழிவு, முழங்கால் நோ, இரவிலே மூச்சடைப்பு ஆகிய மூன்றும் அவரை வாட்டின. சத்திரசிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள்ளே 70 கிலோகிராமுக்கு இறங்கினார். நீரிழிவுக் குளிசைகள் நிறுத்தப்பட்டன. கோயில் வீதியை மூச்சு வாங்காமல் மூன்றுமுறை சுற்றிவந்தார். அதனைக் கண்டு நாங்கள் எல்லோரும் மனம் குளிர்ந்தோம்.

இரண்டாம் ஆண்டு பிறந்த பின்னர் நிலைமை மாறியது. கிணற்றடிக்குச் சென்று வருவதற்கே களைப்பு. நாக்கு எரிந்தது. பாதங்களிலே மரத்துப்போன உணர்ச்சி. ஊரார் கண்ணூறு என்றனர், நூலும் கட்டியாயிற்று. ஈற்றிலே இரத்தத்தைப் பரிசோதித்தபோது இரும்புச்சத்தும் பி12 விற்றமினும் மிகக் குறைந்திருந்தமை தெரியவந்தது. வைத்தியர் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும்படி கொடுத்த சத்துக் குளிசைகளை எட்டாம் மாதத்திலேயே அவர் நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டதற்கு அவருடைய தாயார் சொன்ன மறுமொழி இது: “சுகம் வந்த பிள்ளைக்கு ஏன் மனே இன்னும் குளிசை?”

அத்தாயின் சொல்லிலே அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. ஆயினும் அவ்வன்புக்கு அறிவின் துணை இல்லாமற் போயிற்று. ஊசி மருந்தாலும் இரும்புச்சத்தாலும் அம்மையார் சில மாதங்களிலே தேறினார். இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் நரம்புகளுக்கு நேர்ந்த கேடு மீளாததாகியிருக்கவும் கூடும்.

கத்தி வந்த வழி

இச்சிகிச்சை நேற்று முளைத்ததன்று. 1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டாவிலே கிரெமன், லின்னர் முதலானோர், உணவு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தொடாமல் செல்லும்படி குடலை இணைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். எடை குறைந்தது உண்மையே. ஆனால், ஈரல் கெடுதல், சிறுநீரகக் கல், ஓயாத வயிற்றோட்டம் எனத் துன்பங்கள் பெருகியமையால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் வேறொரு வழியைக் கண்டார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருக்கின்றனர் என்பது அவருடைய கண்ணிற் பட்டது. புண்ணுக்குச் செய்தபோது குறையாகத் தோன்றியது, மிகப் பருத்தவருக்கு மருந்தாகலாமன்றோ? 1966இல் அவர் தொடங்கிய இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையே இன்றைய முறைகளுக்கு மூலம். 1994இல் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை இதற்கும் வந்தது.

இப்பொழுது பெருவழக்காக உள்ளவை இரண்டு. ஒன்றிலே இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் ஓமோன் ஒன்று பெரும்பாலும் நீக்கப்பட்ட பகுதியிலேதான் சுரந்தது. ஆகவே பசியும் தணிகின்றது. மற்றையதிலே இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு கொள்ளும் ஒரு சிறு பை மாத்திரம் பிரிக்கப்பட்டு, நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகின்றது. உணவு பழைய வழியைவிட்டுப் புதிய வழியாகச் செல்கின்றது. இவ்விரண்டு படங்களையும் மாணவர் ஒருமுறை வரைந்து பார்ப்பாராயின், பின்வரும் துன்பங்களுக்கெல்லாம் காரணம் தாமே விளங்கிக்கொள்வர்.

எவருக்கு உரியது?

கிலோகிராமிலுள்ள எடையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. ஒருவர் 1.6 மீற்றர் உயரமும் 90 கிலோகிராம் எடையும் உடையவராயின், 90ஐ 2.56ஆல் வகுக்க 35.2 வரும். 1991இல் அமெரிக்காவிலே வகுத்த விதிப்படி 40க்கு மேற்பட்டோரும், 35க்கு மேற்பட்டு வேறு நோயுமுடையோரும் இச்சிகிச்சைக்கு உரியோராயினர். 2022இல் வெளிவந்த புதிய நெறிமுறை 35 என்னும் அளவை நோயில்லாதவருக்கும் பொருத்தியது. ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே இதனைக் கருதலாம் என்றும் கூறியது. நம் போன்றோர் மேனாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றோம் என்பதே அதற்குக் காரணம். இலங்கையிலே 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவுடையோர் எனவும், நீரிழிவின் வாயிலில் நிற்போரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர் எனவும் காட்டியது.

இதன் நன்மையையும் மறைத்தல் கூடாது. சுவீடன் நாட்டிலே 1987இல் தொடங்கிய ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஏறக்குறையப் பதினோராண்டுகள் தொடர்ந்து பார்த்தது. 2007இல் வெளிவந்த முடிபின்படி, செய்துகொள்ளாதோரில் 129 பேரும் செய்துகொண்டோரில் 101 பேரும் இறந்திருந்தனர். ஆகவே, தக்கவருக்கு இது ஆயுளை நீட்டும் சிகிச்சையே. சோம்பேறிகள் தேடும் குறுக்குவழி என்று இதனை இகழ்வது அறியாமை.

முதல் மாதத்து அபாயங்கள்

தைத்த இடம் கசிதல், இரத்தம் ஒழுகுதல், கால் நரம்பிலே இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவை ஆரம்ப நாட்களுக்குரிய அபாயங்கள். அமெரிக்காவிலே 4,776 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்விலே, முப்பது நாட்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். தேர்ந்த இடங்களிலே அபாயம் சிறிது. ஆனால் இல்லையென்று சொல்வதற்கில்லை. காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், தாங்கமுடியாத வயிற்றுவலி இவற்றுள் எது தோன்றினாலும் கைமருந்து பார்த்துக் காலங்கடத்தாமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

இந்தியாவின் நிதியமைச்சராயிருந்த அருண் ஜெயிற்லி 2014 செப்டெம்பரில், நீண்டகால நீரிழிவினால் ஏறிய எடையைக் குறைக்க இச்சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் ஏற்பட்ட சிக்கலினால் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்துக்கு மாற்றப்பட்டார். தேறியெழுந்து, அடுத்த பெப்ரவரியிலே வரவுசெலவுத் திட்டத்தையும் சமர்ப்பித்தார். தலைநகரின் சிறந்த வைத்தியர் சூழ இருந்தவருக்கும் சிக்கல் வந்தது. உரிய வேளையிலே கவனித்தமையால் அது தீர்ந்தது. இரண்டு பாடமும் அதிலே உண்டு.

இனிப்பு தரும் தண்டனை

எருமைத் தயிருக்குப் பேர்போனது நமது மாவட்டம். சட்டித் தயிரிலே கித்துள் பாணியை ஊற்றி உண்ணும் இன்பத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மாற்றுவழிச் சிகிச்சை செய்துகொண்டவர் அதனை முன்போல உண்டால் நேர்வதைப் பாருங்கள். முன்னெல்லாம் இரைப்பையின் கீழ்வாயில் காவற்காரனைப்போல நின்று, உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விட்டது. இப்பொழுது காவற்காரன் இல்லை. செறிந்த இனிப்பு ஒரேயடியாகச் சிறுகுடலிலே பாய்கின்றது. அதனை நீர்க்கச் செய்வதற்காக இரத்தத்திலுள்ள நீர் குடலுக்குள் ஓடுகின்றது. பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வியர்வை, நெஞ்சிடி, வயிற்றுப் பிசைவு, வயிற்றோட்டம், படுத்தாலன்றித் தீராத தளர்ச்சி எல்லாம் ஒருங்கே வரும்.

சிலருக்கு இன்னொரு விதமாகவும் வரும். சர்க்கரை விரைந்து ஏறியதைக் கண்டு இன்சுலின் மிகுதியாகச் சுரக்க, ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தின் பின் இரத்தச் சர்க்கரை மட்டுக்குக் கீழே விழுந்துவிடும். கைநடுக்கமும் மயக்கமும் உண்டாகும். “உண்டு வெகுநேரமாயிற்றே” என்று வீட்டார் வேறு காரணம் தேடுவர். காரணம் வட்டிலப்பத்திலே இருக்கும்.

பாணியை விட்டுத் தயிரை மட்டும் சிறிதளவாக உண்ணலாம். புரதமும் கல்சியமும் உள்ள தயிர் இவர்களுக்கு நண்பன்.

பெரிபெரி என்னும் பழம்பகை

இனி, மிகவும் கவனிக்கற்பாலதொன்றைக் கூறுகின்றேன். பெரிபெரி என்னும் நோயின் பெயர் ‘இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். நோயாளி ‘இயலாது, இயலாது’ என்று முனகுவதே பெயராயிற்றாம். தீட்டி வெளுத்த அரிசியை மட்டும் உண்டோரை இது பற்றியது. சாவாத் தீவிலே எயிக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுக்க அவை தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபெற் பரிசிலே பங்கு கிடைத்தது. தவிட்டிலே இருந்த பொருளையே இன்று பி1 விற்றமின் என்கிறோம்.

வறியோரைப் பிடித்த அந்த நோய், பெருஞ்செலவிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டவரையும் பிடிக்கின்றது என்பது வியப்பன்றோ? பி1 விற்றமினை நம் உடல் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. சிகிச்சைக்குப் பின் ஒருவர் நாட்கணக்காக வாந்தியெடுத்தால் அச்சேமிப்பு வற்றிவிடும். நடை தள்ளாடும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றும், பேச்சுத் தடுமாறும், நினைவு மயங்கும். இந்நிலையில் வெறும் குளுக்கோசு சேலைனை மட்டும் ஏற்றினால், எஞ்சிய பி1உம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். முதலிலே பி1 ஊசியைச் செலுத்த வேண்டும். வைத்தியர்கள் இதனை அறிவார்கள். ஆனால், நள்ளிரவிலே கிராமத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது என்பதை வைத்தியருக்கு எவர் சொல்வது? வீட்டாரே சொல்ல வேண்டும். சிகிச்சையின் பெயர், நடந்த திகதி, இடம் ஆகியவற்றை எழுதிய சிறு அட்டையொன்று எந்நேரமும் பணப்பையில் இருத்தல் நலம்.

பி12இன் தன்மை இதற்கு நேர்மாறானது. ஈரல் அதனை ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைத்திருக்கும். ஆகையால், குறைபாடு உடனே தலைகாட்டாமல், எல்லாம் நலம் என்று நம்பியிருக்கும் வேளையிலே வந்து நரம்பையும் இரத்தத்தையும் தாக்கும். மேற்சொன்ன அம்மையார்க்கு நேர்ந்தது அதுவே. இரைப்பையிலே சுரக்கும் ஒரு பொருளின் துணையின்றிப் பி12 குடலிலே உறிஞ்சப்படுவதில்லை. இரைப்பையைக் குறைத்தபோது அத்துணையும் குறைந்துவிட்டது.

இரும்புச்சத்தும் கல்சியமும் அவ்வாறே. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குட் சென்றால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். நமது நாட்டிலே இன்னொரு தடையும் உண்டு. உண்டு முடித்தவுடன் ஒரு பிளேன்ரீ குடிக்காமல் நமக்கு உணவு நிறைவுறுவதில்லை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் செலவின்றி ஒரு நன்மை.

முடியாத பத்தியம்

பத்தியம் என்பது தமிழ் வீடுகளுக்குப் புதியதன்று. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காயமும் பத்தியக்கறியும் ஆக்கிக் கொடுத்து, நாள் எண்ணிக் காப்பதிலே நம் தாய்மாருக்கு நிகர் எவருமில்லை. ஆயின், அந்தப் பத்தியத்துக்கு முடிவுநாள் உண்டு. இந்தப் பத்தியத்துக்கு முடிவுநாள் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

முதலிலே நீருணவு, பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு எனப் படிப்படியாக ஏறி, ஏறக்குறைய இரண்டு மாதத்திலே வழக்கமான உணவுக்கு வரவேண்டும். எந்தப் படியிலும் விதி மூன்று. சிறிது சிறிதாக நன்கு மென்று உண்ணுதல். உணவோடு நீர் அருந்தாது அரைமணித்தியாலம் பொறுத்தல். போதுமென்ற உணர்வு தோன்றிய கணமே கையை எடுத்தல்.

தட்டிலே எதனை முதலில் உண்பது என்பதும் முக்கியம். சோற்றைக் குவித்துக் கறியைத் தொட்டு உண்பது நம் வழக்கம். இவர்களுக்கோ கறி முதலும் சோறு கடையுமாக வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. இல்லையேல் கொழுப்போடு தசையும் கரைந்து போகும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் புரதம் உண்டு. வாவி மீனும் கடல் மீனும் வாயிலுக்கு வரும் ஊரிலே வாழ்வோருக்கு இது பெரிய காரியமா? நெத்தலியை முள்ளோடு மென்று உண்டால் கல்சியமும் சேரும். மரக்கறியுணவினர் பருப்பு, கௌபி, கடலை, சோயா, தயிர் ஆகியவற்றைக் கொண்டு கணக்கை நிரப்ப வேண்டும். சோறு உண்ணும்போது தீட்டாத சிவப்பரிசியோ புழுங்கலரிசியோ நல்லது; நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உள்ளே ஊறி அரிசியிலே தங்கிவிடுகின்றது.

இவ்வாறு உண்டாலும் குளிசை வேண்டியதே. இரண்டு மேசைக்கரண்டிப் பை எத்துணைச் சத்தைத்தான் கொள்ளும்?

மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே தலைமயிர் கொட்டுவதுண்டு. பெண்கள் அஞ்சி அழுவர். உடல் மெலியும் வேகத்தினால் வருவது அது; சத்துக் குறையாமற் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். விரைந்து மெலிவதனால் பித்தப்பையிலே கல் உண்டாதலும், தோல் தொங்குதலும் உண்டு. வலதுபுற மேல்வயிற்றிலே உணவின் பின் வலி வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்று பொருள்களை அஞ்ச வேண்டும். முதலாவது, பாமசியிலே கேட்டவுடன் கிடைக்கும் டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்ற நோ மாத்திரைகள். இவை புதிய இணைப்பிலே புண்ணை உண்டாக்கும். இரண்டாவது, புகை, அதுவும் அவ்வாறே செய்யும். மூன்றாவது, மது. மாற்றுவழிச் சிகிச்சையின் பின் சாராயம் முன்னிலும் விரைந்து இரத்தத்திலே ஏறும். முன்னர் குடியாதோருள்ளும் சிலர் இரண்டாம் ஆண்டளவிலே குடிக்கு அடிமையாவதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். உணவிலே தேடிய ஆறுதலை வேறொன்றிலே தேடும் மனத்தின் விளையாட்டாகவும் இது இருக்கலாம்.

உதைபந்தாட்ட வீரர் மரடோனாவை அறியாத மாணவர் இரார். 2005இல் கொலம்பியாவின் கார்ட்டகேனா நகரிலே அவர் இச்சிகிச்சை செய்துகொண்டு, வியக்கத்தக்கவாறு மெலிந்து தோன்றினார். 2007இல் மதுவின் கேட்டினால் வைத்தியசாலையிலே கிடந்தார். எடையும் திரும்பிவர, 2015இல் வெனிசுவேலாவிலே மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். பந்தை அடக்கிய காலுக்கு உரியவராலும், கத்தியை மட்டும் நம்பி எடையை அடக்க இயலவில்லை.

குழந்தை வேண்டும் பெண்கள், சிகிச்சையின் பின் ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரையேனும் கருத்தரிப்பைத் தள்ளிவைத்தல் வேண்டும். எடை குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவிலே திரும்பும். தாயே மெலிந்து கொண்டிருக்கும் வேளையிலே கருவிலுள்ள சிசுவுக்கு எங்கிருந்து சத்துக் கிடைக்கும்?

விருந்தும் விரதமும்

வந்தாரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் மட்டக்களப்பு என்பது பழமொழி. மந்திரத்தாலும் மாயத்தாலும் ஒட்டவைத்தோமோ அறியேன். விருந்தினாலே ஒட்டவைத்தோம் என்பதிலே ஐயமில்லை. கலியாண வீட்டிலும், சாமத்தியச் சடங்கிலும், திவச வீட்டிலும் “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்துவதே நமக்கு அன்பின் அடையாளம். இலையிலே மிச்சம் வைத்தால் கறி பிடிக்கவில்லையோ என்று ஆக்கினவர் முகம் வாடும். சிகிச்சை செய்துகொண்டவர் அந்த ஒரு கரண்டியை ஏற்றால் வாந்தி, மறுத்தால் மனத்தாங்கல். இதனால் சிலர் சபைக்கு வருவதையே விட்டுவிடுகின்றனர். உடல் நலம்பெற்றும் உறவிலே தனித்துப் போவது எத்துணைத் துன்பம்! சிறு தட்டிலே சிறிது வைத்து, “ஆறுதலாகச் சாப்பிடுங்கோ” என்று சொல்லி அப்பாற் செல்வதும் விருந்தோம்பலே.

விரதமும் அவ்வாறே சிந்திக்கற்பாலது. கந்தசஷ்டி ஆறு நாளும் நீர்கூட அருந்தாதிருக்க விரும்புவோர் உளர். கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள நம் இசுலாமியச் சகோதரர்க்கு நோன்பு மாதம் முழுவதும். ஒரே வேளையிலே நிறைய உண்ணவும் நிறைய நீர் அருந்தவும் இயலாதவர் நாள் முழுதும் நீரின்றியிருப்பது அபாயமாகலாம். வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். நோயாளிக்கு விலக்களிக்காத சமயம் எதுவுமில்லை.

மனமும் ஊர்வாயும்

பருத்திருந்த நாளிலே கேலி செய்த ஊர், மெலிந்த பின்னர் “என்ன வருத்தம்?” என்று வினாவுகின்றது. எங்கும் ஒரு பார்வை, எதிலும் ஒரு கேள்வி. கண்ணாடியிலே தெரியும் உருவம் தம்முடையதுதானா என்று சிலருக்கு ஐயமே வந்துவிடும். எடை குறைந்தால் வாழ்விலே எல்லாக் குறையும் தீரும் என்று எதிர்பார்த்தவருக்கு, பழைய கவலைகள் அப்படியே இருப்பதைக் கண்டு சோர்வு உண்டாகின்றது. சிலரிடத்திலே அச்சோர்வு உயிரை வெறுக்கும் எண்ணமாகவும் முற்றுவதுண்டு. அதனை மறைக்காமல் மனநல வைத்தியரிடம் சொல்லவேண்டும். கால் முறிந்தால் சொல்லக் கூசுகின்றோமா?

இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் எடை சிறிது ஏறுதலும் பலருக்கு இயல்பு. அதனைத் தோல்வியென்று எண்ணிக் கிளினிக்குக்குப் போக வெட்கப்படுவோர் உளர். எடை ஏறத் தொடங்கும் வேளையே கட்டாயம் போகவேண்டிய வேளை.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. வகுப்பறையிலே பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்பது பலருக்கு விளையாட்டு. எடை என்பது பரம்பரை, ஓமோன், உணவு, உறக்கம், வறுமை, கவலை ஆகிய பலவும் கூடிச் செய்வது. அப்பிள்ளை வீட்டிலே கதவைச் சாத்திக்கொண்டு அழுவது உங்கள் காதில் விழுவதில்லை.

வீட்டார் செய்யத்தக்கவை

கொழும்புக்கு ஒருமுறை போய்வருவதென்றால் இரவெல்லாம் புகைவண்டியிலோ பேருந்திலோ கழிகின்றது. செலவும் வேறு. அதனாலேயே பின்பார்வைக்குச் செல்வதைக் கைவிடுவோர் பலர். அங்குள்ள வைத்தியரிடம் கடிதம் வாங்கி வந்து, இரத்தப் பரிசோதனைகளை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேனும் பிறவிடத்திலேனும் செய்விக்க இயலுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாண்டிலே சிலமுறை, பின்னர் ஆண்டுக்கொருமுறை எனப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்ப்போர், பின்னர் வாழ்நாள் முழுதும் வாங்கவேண்டிய குளிசைக்கும் பரிசோதனைக்குமான செலவையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்தல் அறிவுடைமை. அச்செலவைத் தாங்க இயலாதெனின், அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி வேறு வழியைக் கேட்பதிலே இழிவொன்றுமில்லை.

அண்மையில் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. செமகுளூட்டைட் என்பதனை 2021இல் அமெரிக்கா இந்நோக்கத்துக்கு அனுமதித்தது. அதனை நிறுத்தினாலும் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்புகின்றது. கத்தியாயினும் ஊசியாயினும் ஒழுக்கம் இல்லாவிடத்துப் பயன் நிலைப்பதில்லை.

ஆகவே, இத்தகைய ஒருவர் உங்கள் வீட்டிலிருந்தால், அவருடைய குளிசைப் பெட்டியிலே இன்றைய குளிசை எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பரிசோதனைக்குரிய நாளை நாட்காட்டியிலே வட்டமிட்டு வையுங்கள். மாலையிலே அவரோடு வாவிக்கரை வழியே ஒரு மைல் நடந்து வாருங்கள். அவர் உண்ணும் சிறு தட்டின் முன்னே நீங்களும் சிறிதாகவே பரிமாறிக்கொண்டு அமருங்கள். சுகம் வந்த பிள்ளைக்கு ஏன் குளிசை என்று எவரேனும் கேட்டால், வந்த சுகம் போகாமலிருக்கவே என்று சொல்லுங்கள்.